நிழலை வாசித்தவர் யார்? – மருத்துவப் படிமங்களின் தொலைவாசிப்பும் சட்டப் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியருக்கு நோயாளரின் கை வேண்டும். நெஞ்சின் ஒலியைச் செவிமடுப்பவருக்கு அவரது மார்பு வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படத்தை வாசிப்பவருக்கோ நோயாளர் வேண்டியதில்லை. படம் ஒன்றே போதும். மத்தியகால ஐரோப்பாவிற் சிறுநீர்க் குடுவையை நோக்கி நோயறிந்தோர் உண்டெனினும், நோயுற்றவரையும் நோயை நிதானிப்பவரையும் இவ்வளவு முழுமையாகப் பிரித்து வைத்த சாதனம் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு முன் தோன்றவில்லை எனலாம். இருவரும் இருந்த இடங்கள் முதலில் ஒரே வைத்தியசாலையின் இரு அறைகளாக இருந்தன. பின்னர் இரு நகரங்களாயின. இன்று இரு கண்டங்களாகவும் உள்ளன.

சட்டத்தின் நிலை வேறு. வைத்தியரின் கடமை பற்றிய சட்டக் கருத்துக்கள், ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரை மனதிற்கொண்டு உருவானவை. யார் யாருக்குச் சிகிச்சை அளித்தார், எவ்விடத்தில் அளித்தார், எந்த அனுமதிப்பத்திரத்தின் பேரில் அளித்தார் என்னும் வினாக்களுக்கு அவ்வறையில் விடை காண்பது எளிது. படம் ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருக்கும்போது, பிழை நேர்ந்தாற் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்னும் வினா எழுகின்றது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்கள் இவ்வினாவை எதிர்கொண்ட முறையை நோக்குமிடத்து, தூரம் என்பதைத் தனியாக ஒரு சாட்டாக அவை ஏற்றுக்கொண்டமை அரிது என்பது தெரியவரும். வழக்குகளின் உண்மையான பொருளாக அமைந்தவை தூரம் உண்டாக்கிய இடைவெளிகளே. காணப்பட்டது உரியவரிடம் சென்று சேராத இடைவெளி ஒன்று; கையொப்பமிட்டவருக்கும் கண்டவருக்கும் இடையிலான இடைவெளி மற்றொன்று.

ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் 1895 நவம்பர் 8 ஆந் தேதி வில்ஹெல்ம் ரொண்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தார். டிசெம்பர் 28 இல் அந்நகரின் அறிஞர் கழகத்துக்குத் தம் கட்டுரையை அளித்த அவர், 1896 ஜனவரி முதலாந் தேதி அதன் பிரதிகளைப் படங்கள் சிலவற்றுடன் ஏனைய நாடுகளின் பௌதிக அறிஞர்க்குத் தபாலில் அனுப்பினார். அவரது மனைவியின் கையெலும்புகளையும் மோதிரத்தையும் காட்டிய படமும் அவற்றுள் ஒன்று. ஆகவே, உலகம் கண்ட முதல் எக்ஸ்-கதிர்ப் படங்களே எடுக்கப்பட்ட இடத்தை விட்டுத் தொலைவிற் சென்று வாசிக்கப்பட்டவை எனின் மிகையாகாது.

கதிர் கண்டறியப்பட்டுச் சில வாரங்களுக்குள் அது நீதிமன்றத்தினுள் நுழைந்தது. கனடாவின் மொன்றியல் நகரில் 1895 கிறிஸ்துமஸ் காலத்தில் ஒருவர் காலிற் சுடப்பட்டார். உள்ளே தங்கிய குண்டை வைத்தியர்களாற் கண்டுபிடிக்க இயலவில்லை. 1896 பெப்ரவரியில் மக்கில் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ஜோன் கொக்ஸ், முக்கால் மணித்தியாலம் கதிரைச் செலுத்திப் படமெடுத்தார். முழங்காலுக்குக் கீழுள்ள ஈரெலும்புகளுக்கிடையே குண்டு கிடந்தமை அதில் தெரிந்தது. குண்டு அகற்றப்பட்டது. அப்படம் பின்னர் சுட்டவருக்கெதிரான வழக்கிற் சாட்சியமாகவும் பயன்பட்டது. படத்தை எடுத்தவர் வைத்தியரல்லர், பௌதிக ஆசிரியர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

மருத்துவக் கவனயீனம் பற்றிய வழக்கில் இப்படம் முதன்முதற் பெரும் விவாதத்தைக் கிளப்பியது அமெரிக்காவின் டென்வர் நகரிலாகும். ஏணியிலிருந்து விழுந்த இளைஞர் ஒருவரின் இடுப்புப் பகுதிக் காயத்தை வெறும் அடியெனக் கருதிச் சிகிச்சை அளித்தார் அந்நகரின் புகழ்பெற்ற சத்திர சிகிச்சையாளர் ஒருவர். தொடையெலும்பின் மேற்பாகம் முறிந்திருந்தது என்பது இளைஞரின் முறைப்பாடு. எச். எச். பக்வோல்டர் என்னும் புகைப்படக்காரர் எடுத்த நிழற்படங்களை அவருடைய சட்டத்தரணிகள் மன்றில் முன்வைத்தனர். எதிர்த்தரப்பு கடுமையாக மறுத்தது. சாதாரண புகைப்படமாயின், அதிற் காண்பதைத் தம் கண்ணாலும் கண்டதாகச் சத்தியஞ் செய்ய ஒரு சாட்சி உண்டு. உயிருள்ள மனிதனின் எலும்பைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். ஆகவே இந்நிழலுக்கு உறுதி கூற யாரால் இயலும்? வாதம் வலுவானதே. ஆயினும் 1896 டிசெம்பரில் நீதிபதி ஓவன் லெஃபெவர் படங்களைச் சாட்சியமாக அனுமதித்தார். அறிவியல் தந்த புதிய கருவியின் பயனை நீதிமன்றம் புறக்கணித்தலாகாது என்பது அவர் கொண்ட நிலைப்பாடு.

அன்று எதிர்த்தரப்பினர் எழுப்பிய வினா தோற்றதெனினும் மறையவில்லை. நிழல் தானே பேசுவதன்று. அதற்காகப் பேச ஒருவர் வேண்டும். தொடக்கத்தில் அவர் புகைப்படக்காரராகவோ பௌதிக ஆசிரியராகவோ இருக்கலாமெனக் கொள்ளப்பட்டது. காலப்போக்கில் நிழலைப் பொருள்கொள்ளுதல் மருத்துவத் தொழிலின் ஒரு கூறென நிலைபெற்றது. கதிரியல் நிபுணர் என்னும் புதிய தொழிலாளர் தோன்றினார். அவர் நோயாளரைத் தொடுவதில்லை; பல வேளைகளிற் காண்பதுமில்லை. மற்றொரு வைத்தியரின் வேண்டுகோளுக்கு எழுத்தில் விடை தருபவர் அவர். வைத்தியருக்கு வைத்தியர் என்று அவரைக் கூறுவது புகழ்ச்சியாக இருக்கலாம். ஆனால் நோயாளருக்கு அவர் யார் என்னும் சட்ட வினா அப்புகழ்ச்சிக்குள் மறைந்து கிடந்தது.

இங்கிலாந்திலே இக்காலத்தில் வேறொரு போக்குக் காணப்பட்டது. அங்கு வினா வைத்தியசாலையை நோக்கியதாக இருந்தது. 1909 ஆம் ஆண்டின் ஹில்லியர் வழக்கில், பணியாளர் தம் தொழிற்றிறனைப் பயன்படுத்திச் செய்யும் கருமங்களுக்கு வைத்தியசாலை பொறுப்பன்று எனத் தீர்ப்பாயிற்று. 1942 இல் இந்நிலை அசைந்தது. அசைத்த வழக்கும் கதிருடன் தொடர்புடையதே. ஒரு சிறு பிள்ளையின் முகத்துக்குக் கதிர்ச் சிகிச்சை அளித்த எசெக்ஸ் மாவட்ட வைத்தியசாலையின் கதிர்ப்படப் பணியாளர், முகத்துக்குப் போதிய காப்பு இடாமையால் வடு ஏற்பட்டது. பணியாளரின் பிழைக்கு வைத்தியசாலையை நடத்திய மாவட்ட சபையே பொறுப்பு என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். 1951 இல் கசிடி வழக்கு இதனை முழுநேர வைத்தியர்களுக்கும் விரித்தது. வைத்தியசாலை தன் பணியாளருக்காக விடைகூற வேண்டும் என்னும் விதி இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. வாசிப்பவர் வைத்தியசாலையின் பணியாளரே அல்லாதபோது என்னாகும் என்பதை அக்காலத்தில் எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பொறுப்பு யாருடையதென்பது ஒருபுறமிருக்க, பிழை என்பது யாது என்னும் வினாவும் இக்காலத்திற் சிக்கலாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவிற் காசநோயைக் கண்டறிவதற்காக மக்கள் பெருந்தொகையாகப் படமெடுக்கப்பட்டனர். நால்வகைப் படச்சுருள்களுள் எது சிறந்ததென அறியும் நோக்குடன் ஐந்து வாசிப்பாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1947 இல் வெளிவந்தது. எதிர்பாராத முடிவொன்று கிடைத்தது. படச்சுருள்களுக்கிடையிலான வேறுபாட்டைக் காட்டிலும் வாசிப்பாளர்களுக்கிடையிலான வேறுபாடு பெரிதாக இருந்தது. ஒருவரே அதே படத்தை மறுமுறை வாசித்தபோதும் தம்முடன் தாமே முரண்பட்டார். 1949 இல் கதிரியல் நிபுணர் ஹென்றி கார்லண்ட் இதனை மேலும் ஆராய்ந்து, நோய்க்குறி உள்ள படங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதைத் தேர்ந்த வாசிப்பாளரும் தவறவிடுகின்றனர் எனக் காட்டினார். இதனைத் தொழிலின் இழுக்கெனக் கருதியோர் பலர். சட்டத்துக்கு அது தந்த பாடம் வேறு. தவறவிட்டமை தானாகவே கவனயீனமாகாது. சாதாரண திறனுடைய வேறொரு வாசிப்பாளர் அதனைக் கண்டிருப்பாரா என்பதே அளவுகோல். இங்கிலாந்தில் 1957 ஆம் ஆண்டின் போலம் வழக்கிற் கூறப்பட்ட விதியும் இதனோடு ஒத்ததே.

இவ்வாறு வாசிப்பின் நிச்சயமின்மை வெளிப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வாசிப்பு கம்பிவழி பயணஞ் செய்யத் தொடங்கியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டர் என்னும் சிற்றூரிலுள்ள வைத்தியசாலையிலிருந்து ஏறத்தாழ 24 மைல் தொலைவிலுள்ள பிலடெல்பியாவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகப் படங்களை அனுப்பும் முறையை ஜேக்கப் கேர்ஷோன்-கோகன் என்பவர் தம் துணைவருடன் உருவாக்கி 1950 இல் வெளியிட்டார். சிற்றூருக்கு ஒரு கதிரியல் நிபுணர் கிடையாதெனின், நிபுணரின் கண்ணை அவ்வூருக்குக் கொண்டுசெல்லலாம் என்பது அவரது எண்ணம். அவ்வெண்ணம் இன்றும் மாறவில்லை. 1950 களின் பிற்பகுதியில் மொன்றியலில் அல்பேர் ஜுட்ரா இரு வைத்தியசாலைகளைக் கம்பியால் இணைத்துத் தொலைக்காட்சித் திரையிற் படங்களைக் கண்டார். 1968 இல் பொஸ்ரன் விமான நிலையத்தின் மருத்துவ நிலையம் மூன்று மைல் அளவுக்கு அப்பாலிருந்த மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையுடன் நுண்ணலைத் தொலைக்காட்சியால் இணைக்கப்பட்டது. அதனை நடத்திய கெனத் பேர்ட் என்பவரும் துணைவரும் தொலைக்காட்சியில் நெஞ்சுப் படங்களை எவ்வளவு திருத்தமாக வாசிக்கலாம் எனச் சோதித்தனர். அனுப்புபவரும் வாசிப்பவரும் ஒரே மாநிலத்தில், பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் நிழலில் இருந்தமையால் இம்முயற்சிகள் சட்டத்தைச் சோதிக்கவில்லை.

சட்டத்தைச் சோதித்தவை மிகச் சிறிய தூரங்களே. வாசிக்கும் அறைக்கும் நோயாளரின் படுக்கைக்கும் இடையிலான தூரம் அத்தகையது. 1971 இல் இந்தியானா மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றமொன்றிற் தீர்ப்பான கீன் எதிர் மெதடிஸ்ட் வைத்தியசாலை என்னும் வழக்கு இவற்றுள் முதன்மையானது. கிறிஸ்துமஸ் காலத்திற் கைகலப்பொன்றிற் தலையில் அடியுண்ட ஒருவர் அவசர பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். படமெடுத்தபின் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அப்படத்தை வாசித்த கதிரியல் நிபுணர், மண்டையோட்டில் முறிவிருக்கலாமென ஐயுற்று, மேலும் படங்கள் வேண்டுமென ஒலிப்பதிவுக் கருவியிற் கூறிவைத்தார். விடுமுறையானபடியால் அக்கூற்று உடனே தட்டச்சாகவில்லை. தட்டச்சாகி வருவதற்குள் காலம் கடந்துவிட்டது, நோயாளர் இறந்தார். படத்தை வாசித்தவர் காண வேண்டியதைக் கண்டார். எழுத வேண்டியதையும் சொல்லிவைத்தார். சொல் சென்றுசேரவில்லை. செய்தியைச் சேர்ப்பிக்கத் தவறியமையும் கவனயீனமே என நீதிமன்றம் கொண்டது.

இத்தீர்ப்பின் பின் வந்தவை அதே வழியிற் சென்றன. 1979 இல் ஒஹையோ மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், நோயை அறிதலுக்கு நிகரான முக்கியத்துவம் அதனை உரிய வேளையில் அறிவித்தலுக்கும் உண்டு என்றது. 1987 இல் நியூ ஜேர்சியில், சத்திர சிகிச்சைக்கு முன் வழமையாக எடுக்கப்பட்ட நெஞ்சுப் படத்தில் எதிர்பாராத ஒன்று தென்பட்டால், அதனை எழுதிப் போட்டுவிட்டு இருப்பது போதாது, சிகிச்சையளிப்பவருக்கு நேரே எட்டச்செய்ய வேண்டும் என்னும் கருத்து ஜெனோப் வழக்கில் உறுதியாயிற்று. கதிரியல் நிபுணரின் வேலை அறிக்கையிற் கையொப்பமிட்டவுடன் முடிவதில்லை என்னும் உணர்வு தொழிலினுள்ளும் பரவியது. அமெரிக்கக் கதிரியற் கல்லூரி 1991 இல் அறிக்கை சேர்ப்பித்தல் பற்றிய நியமமொன்றை வெளியிட்டது. நியமம் எழுதப்படுவதற்கு வழக்குகள் காரணமாக இருந்தன. எழுதப்பட்ட நியமம் பின்னர் வழக்குகளில் அளவுகோலாகக் காட்டப்பட்டது. தாம் எழுதிய நியமத்தாலேயே தாம் அளக்கப்படுவதைக் கதிரியல் நிபுணர் சிலர் விரும்பவில்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த வினா ஒன்று, ஒருபோதும் சந்திக்காத இருவருக்கிடையில் வைத்தியர்–நோயாளர் உறவு உண்டா என்பதாகும். 2004 இல் அரிசோனாவின் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்டான்லி எதிர் மக்கார்வர் வழக்கு இவ்வினாவை நேரடியாக எழுப்பியது. வேலைக்கு விண்ணப்பித்த பெண்ணொருவருக்குக் காசநோய் உண்டாவென அறிய நெஞ்சுப் படம் எடுக்கப்பட்டது. படத்தை வாசித்த நிபுணர் அசாதாரண நிழல்களைக் குறிப்பிட்டு, தம்மை அமர்த்திய நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பினார். அப்பெண்ணுக்கு எவரும் ஒன்றுங் கூறவில்லை. ஏறத்தாழப் பத்து மாதங்களின் பின் நுரையீரற் புற்றுநோய் வெளிப்பட்டது. தமக்குக் கூலி தந்தது நிறுவனம், ஆகவே அப்பெண்ணுக்குத் தாம் கடமைப்பட்டவரல்லர் என்பது நிபுணரின் வாதம். முறையான உறவு இல்லாவிடினும், படத்தை வாசிப்பதை ஏற்றுக்கொண்டவர் நியாயமான கவனத்துக்குரிய கடமையையும் ஏற்றுக்கொண்டவரே என்றது மன்றம். வெர்மோன்ற் மாநிலத்தில் 2011 இல், தொலைக்காணொளி மூலம் ஒரேயொரு முறை உரையாடிய உளநோய் வைத்தியருக்கும் கடமை உண்டெனத் தீர்ப்பாயிற்று. 2019 இல் மினசோட்டாவின் உச்ச நீதிமன்றம், தொலைபேசியில் ஆலோசனை கூறி நோயாளரை வைத்தியசாலையில் அனுமதிக்க மறுத்த வைத்தியர் விடயத்தில், உறவு உண்டா என்பதை விட விளைவை முன்கூட்டியே உணர்ந்திருக்க இயலுமா என்பதே வினா என்றது. மூன்று தீர்ப்புகளையும் சேர்த்து நோக்கின், தொலைவு என்னும் அரண் மெல்ல மெல்லச் சரிவதைக் காணலாம்.

இனி, கண்டங்களைக் கடந்த வாசிப்பு. படிமங்களை எண்வடிவில் மாற்றி அனுப்பும் பொது நியமம் 1985 இல் அமெரிக்காவில் முதன்முதல் வெளிவந்தது; 1993 இல் அது டைகொம் என்னும் பெயருடன் புதுவடிவு பெற்றது. அதன் பின் ஒரு நிறுவனத்தின் இயந்திரம் எடுத்த படத்தை மற்றொரு நிறுவனத்தின் திரை காட்டியது. 1994 இல் அமெரிக்கக் கதிரியற் கல்லூரி தொலைவாசிப்புக்கெனத் தனி நியமம் வகுத்தது. குறுக்கப்பட்ட படத்தில் நுண்ணிய முறிவொன்று மறைந்துபோனால் அது வாசித்தவரின் பிழையா, கருவியின் பிழையா என்னும் வினா அதன் பின்னணியில் இருந்தது. நேரமும் ஒரு காரணியாயிற்று. அமெரிக்காவில் நள்ளிரவாக இருக்கும்போது சிட்னியிற் பிற்பகல். 2001 இல் ஐடஹோ மாநிலத்திற் தொடங்கப்பட்ட நைட்ஹோக் நிறுவனம் அமெரிக்கத் தகுதிபெற்ற நிபுணர்களை அவுஸ்திரேலியாவில் அமர்த்தி, அமெரிக்க வைத்தியசாலைகளின் இரவுப் படங்களை அங்கு பகலில் வாசிக்கச் செய்தது. 2002 இல் அமெரிக்காவிற் பயிற்சிபெற்ற அர்ஜுன் கல்யாண்பூரும் சுனிதா மகேஸ்வரியும் பெங்களூரில் இத்தகைய நிறுவனமொன்றைத் தொடங்கினர். இரவுக் கடமையால் களைத்த கண்ணை விடப் பகலில் விழித்திருக்கும் கண் சிறந்தது என்பது பொருத்தமான வாதமே.

ஆயினும் ஒரு சட்டம் இவ்வேற்பாட்டின் உருவத்தையே மாற்றியது. முதியோருக்கான அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதி, நாட்டுக்கு வெளியே செய்யப்பட்ட சேவைக்குப் பணம் கொடுப்பதில்லை. ஆகவே சிட்னியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த அறிக்கை "ஆரம்ப வாசிப்பு" எனப்பட்டது. காலையில் உள்ளூர் நிபுணர் மீண்டும் வாசித்து "இறுதி வாசிப்பு" எழுதினார். கொடுப்பனவு அவருக்கே கிடைத்தது. நோயாளருக்கோ இந்த வேறுபாடு தெரியாது. குடலை அறுப்பதா வேண்டாமா என்பது இரவு இரண்டு மணிக்கு முடிவாகின்றது. இறுதி வாசிப்பு எட்டு மணிக்கு வருகின்றது. ஆரம்ப வாசிப்பு என்னும் பெயர் கணக்கெழுதுவோருக்கு உதவியதேயன்றிப் பொறுப்பைக் குறைக்கவில்லை. இரு வாசிப்புகளும் முரண்படும்போது, முரண்பாட்டை நோயாளரின் படுக்கைக்கு எடுத்துச்செல்ல வேண்டியவர் யார் என்னும் கீன் வழக்கின் பழைய வினாவே புதிய வடிவில் மீண்டது.

மற்றொரு ஆபத்து கையொப்பம் பற்றியது. அட்லாண்டாவிலிருந்து இயங்கிப் பல வைத்தியசாலைகளின் படங்களைத் தொலைவாசிப்புச் செய்த நிறுவனமொன்றின் உரிமையாளரான கதிரியல் நிபுணர், பல்லாயிரக்கணக்கான அறிக்கைகளில் தாம் படத்தைப் பாராமலே கையொப்பமிட்டார். அல்லது தம் பெயரிற் கையொப்பமிடச் செய்தார். வரைவுகளைத் தயாரித்தோர் வைத்தியர் அல்லாத உதவியாளர். 2011 இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளியெனக் கண்டது. ஒரே அறையில் வேலை செய்பவர் இத்தகைய செயலை நெடுங்காலம் மறைத்தல் கடினம். திரைக்கு அப்பால் இருப்பவர் யார் என்பதைப் படம் அனுப்புபவர் அறிந்துகொள்ள அறிக்கையின் அடியிலுள்ள பெயரன்றி வேறு வழியில்லை.

வாசிப்பு எங்கே நிகழ்கின்றது என்னும் வினாவுக்குச் சட்டம் தந்த விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. 1972 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று ரைட் எதிர் யாக்லி வழக்கை விசாரித்தது. தெற்கு டகோட்டாவிற் சிகிச்சைபெற்று ஐடஹோவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர், தம் பழைய வைத்தியர் மீது ஐடஹோவில் வழக்கிட முயன்றார். மருத்துவ சேவை ஆளை நோக்கியதேயன்றி இடத்தை நோக்கியதன்று. நோயாளர் செல்லுமிடமெல்லாம் வைத்தியரை இழுக்கவியலாது என்றது மன்றம். தொலைவாசிப்பிலோ நோயாளர் பெயர்வதில்லை. வைத்தியரின் கண்ணே பெயர்கின்றது. ஆகவே 1996 இல் அமெரிக்க மாநில மருத்துவச் சபைகளின் கூட்டமைப்பு வெளியிட்ட மாதிரிச் சட்டம், நோயாளர் இருக்கும் மாநிலத்திலேயே மருத்துவம் செய்யப்படுகின்றது எனக் கொண்டது. சிட்னியில் அமர்ந்திருந்தவர் ஒருவர் பல மாநிலங்களின் அனுமதிப்பத்திரங்களை வைத்திருக்க வேண்டியதாயிற்று. கொலராடோவிலிருந்து இணையவழியாகக் கலிபோர்னியாவிலுள்ள ஒருவருக்கு மருந்து எழுதிய வைத்தியரை, அவர் அங்கு காலடி வையாதபோதும், கலிபோர்னியா குற்றவியல் வழக்கிற்கு உட்படுத்தலாமென 2007 இல் தீர்ப்பாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் நேரெதிரான வழியைக் கொண்டது. எல்லை கடந்த மருத்துவம் பற்றிய அதன் 2011 ஆம் ஆண்டுப் பணிப்புரை, தொலைமருத்துவமாயின் சேவை வழங்குபவர் நிலைகொண்டுள்ள நாட்டிலேயே சிகிச்சை நிகழ்வதாகக் கருதுகின்றது. ஆயின் நட்டஈடு கோரும் வழக்கொன்றில், 2009 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ஒன்றியத்தின் மற்றொரு ஒழுங்குவிதியின்படி, பொது விதியாகப் பொருந்துவது தீங்கு விளைந்த நாட்டின் சட்டமாகும். ஸ்பெயினில் அமர்ந்து சுவீடன் நாட்டவரின் படத்தை வாசிப்பவர் ஸ்பெயினின் விதிப்படி வாசிக்கின்றார். தவறினால் சுவீடன் சட்டப்படி விடைகூற நேரிடலாம். இரு சட்டங்களையும் எழுதியோர் ஒரே மேசையில் இருந்து எழுதியிருப்பின் இவ்வாறு நேர்ந்திராது.

படத்தை வெளியே அனுப்பிய வைத்தியசாலையின் நிலை என்ன? 2009 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பராஜ் வழக்கு ஆய்வுகூடம் பற்றியது எனினும் இவ்விடயத்துக்கு மிக நெருங்கியது. ஜோர்தான் நாட்டுத் தம்பதியினரின் பிறவாக் குழந்தைக்குத் தலசீமியா நோய் உண்டாவென அறிய, அங்கே பெறப்பட்ட இழையம் இலண்டனின் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டது. அவ்வைத்தியசாலை அதனை வளர்த்தெடுக்கத் தனியார் ஆய்வுகூடமொன்றுக்குக் கொடுத்தது. இழையத்தின் தகுதி பற்றிய ஐயம் ஆய்வுகூடத்தில் எழுந்தும் வைத்தியசாலைக்கு அறிவிக்கப்படவில்லை. குழந்தை நோயுடன் பிறந்தது. தனக்குரிய பணியைத் தகுதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைத்த வைத்தியசாலை பொறுப்பன்று, ஆய்வுகூடமே பொறுப்பு என்றது மன்றம். ஆனால் 2013 இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், பாடசாலை நீச்சற் பயிற்சி பற்றிய வூட்லண்ட் வழக்கில், பிறரிடம் ஒப்படைத்தாலும் தன்னிடமே தங்கும் கடமைகள் உண்டென்று விளக்கியது. ஒருவரைத் தன் பராமரிப்பில் ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் கடமை அத்தகையது. ஜோர்தான் தம்பதியினர் இலண்டன் வைத்தியசாலையின் பராமரிப்பில் இருந்தவரல்லர். இதன்படி நோக்கின், தன் கட்டிலிற் படுத்திருப்பவரின் படத்தைக் கடல் கடந்து அனுப்பும் வைத்தியசாலை அவருக்கான கடமையையும் சேர்த்து அனுப்பிவிட இயலாது என்னும் வாதம் வலுப்பெறுகின்றது. அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலம் அவசர பிரிவு வைத்தியர் விடயத்தில் 1987 இலேயே இத்தகைய முடிவுக்கு வந்திருந்தது.

கடமையும் கவனயீனமும் நிறுவப்பட்ட பின்னரும் வழக்காளியின் முன் ஒரு சுவர் நிற்கும். சொல் உரிய வேளையில் வந்திருப்பின் முடிவு மாறியிருக்குமா என்பதே அது. இலங்கையின் மருத்துவக் கவனயீனச் சட்டத்தில் முதன்மை பெற்ற பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கு தொலைவாசிப்புப் பற்றியதன்று. ஆயினும் படிமம் தாமதித்தமை பற்றியது. மூளைத் தண்டிற் கட்டி கொண்டிருந்த குழந்தைக்கு உரிய காலத்தில் மூளையின் சீ.ரீ. வருடிப்படம் எடுக்கப்படாமை அதன் முறைப்பாடுகளுள் நடுநாயகமானது. 2001 இல் உயர் நீதிமன்றம் கவனயீனம் நிறுவப்பட்டதென ஏற்றது. எனினும் அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை எனக் கொண்டது. மேலும் இந்நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி அன்று இத்தகைய வழக்கிற் பொருள் இழப்புக்கே நட்டஈடு இருந்தது. பெற்றோரின் துயருக்கு இருக்கவில்லை. உரோமன் டச்சுச் சட்டத்திற் கடமைக்கு ஒப்பந்தம் வேண்டியதில்லை. ஆகவே ஒருபோதும் காணாத வாசிப்பாளர் மீது வழக்கிடும் வாயில் இங்கு அகலமானது. உட்புகுந்த பின் செல்லும் பாதையோ குறுகியது.

தொலைவாசிப்பே ஆபத்தின் ஊற்று என்று கருதுவோருக்கு இரு நிகழ்ச்சிகளை நினைவூட்டலாம். 2010 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள தாலா வைத்தியசாலையில், முந்திய சில ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 58,000 எக்ஸ்-கதிர்ப் படங்கள் கதிரியல் நிபுணராற் வாசிக்கப்படாமற் கிடந்தமை வெளிவந்தது. 2017 இல் இங்கிலாந்தின் போட்ஸ்மத் நகரின் குயின் அலெக்சாண்ட்ரா வைத்தியசாலையில், ஓராண்டுக் காலத்தில் எடுக்கப்பட்ட 23,000 நெஞ்சுப் படங்கள் உரிய நிபுணராற் வாசிக்கப்படவில்லை எனச் சேவைத்தர ஆணைக்குழு கண்டது. போதிய பயிற்சியற்ற இளநிலை வைத்தியர்களிடம் அவை விடப்பட்டிருந்தன. சிலருக்கு நுரையீரற் புற்றுநோய் காலந்தாழ்த்தியே தெரியவந்தது. இப்படங்கள் எந்தக் கடலையும் கடந்தவையல்ல. எடுக்கப்பட்ட வைத்தியசாலையிலேயே இருந்தவை. இதன் விளைவாக அவ்வாணைக்குழு நாடெங்குமுள்ள வைத்தியசாலைகளை விசாரித்து 2018 இல் அறிக்கையிட்டது. அவசர பிரிவிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு அறிக்கை தர ஒரு வைத்தியசாலை ஒரு மணித்தியாலத்தை எல்லையாகக் கொண்டிருந்தது. மற்றொன்று இரண்டு நாட்களைக் கொண்டிருந்தது.